டென்னிஸில் பெரிய ஆட்டக்காரர் யார்? கோப்பையை எண்ணினால் போதுமா?

சங்கரன்கோவில் தம்பி கேட்டது, 14 ஜூலை 2025, காலை

ஜோகோவிச் 24, நடால் 22, பெடரர் 20. ஆஸ்திரேலியா, பாரிஸ், விம்பிள்டன், யு.எஸ். என்ற நான்கு பெரிய போட்டிகளில் எடுத்த கிராண்ட்ஸ்லாம் பட்டக் கணக்கு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. நேற்று சின்னர் விம்பிள்டனை ஜெயித்ததும் எல்லாரும் மறுபடி 'எக்காலத்துக்கும் பெரிய ஆள் யார்' என்று கிளம்பிவிட்டார்கள். எண்ணத் தெரிந்தவனுக்கு இதில் என்ன சந்தேகம்? அண்ணாச்சி மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?

14 ஜூலை, இரவு, என் பதில்

எண்ணிக்கைதான் தீர்ப்பு என்றால் தம்பி, 1990-கள் முழுக்க ஆண்களில் பெரிய ஆள் ராய் எமர்சன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். 12 பட்டம். 2000-ல் விம்பிள்டனில் சாம்ப்ராஸ் 13-வதை எடுக்கும்வரை அவரைத் தாண்டிய ஆண் யாரும் இல்லை. ஆனால் எமர்சன்தான் பெரிய ஆள் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். அந்த 12-ல் 10 பட்டம் 1963-லிருந்து 1967-க்குள் வந்தவை. அந்த ஐந்து வருடமும் ராட் லேவர் உள்ளேயே இல்லை. 1962-ல் நான்கையும் ஒரே வருடத்தில் ஜெயித்துவிட்டுப் பணத்துக்கு ஆடும் குழுவோடு போய்விட்டார். அப்படிப் போனவர்களுக்கு அன்றைக்கு விம்பிள்டன் கதவு அடைப்பு. 1968-ல்தான் திறந்தார்கள். 1969-ல் லேவர் திரும்ப வந்து நான்கையும் மறுபடி எடுத்தார். அவர் பேரில் இருப்பது 11. ஆட விடாமல் போனது 21 போட்டி.

அப்புறம் போர்க். அவரும் 11. ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதே 1974-ல் ஒரே ஒரு தடவை. கானர்ஸ் இரண்டு தடவை. அவ்வளவு தூரம் போய் ஆடுவதற்கு அந்தக் காலத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. 24, 22, 20 என்று அடுக்கும் பழக்கம் சாம்ப்ராஸ் எமர்சனைத் துரத்திய நாளில்தான் சூடு பிடித்தது. அதற்கு முந்தியவர்களை அந்தத் தராசில் ஏற்றினால் எப்படி?

அப்புறம் இன்னொன்று. 24 இருப்பது ஜோகோவிச்சிடம் மட்டுமா? மார்கரெட் கோர்ட்டிடமும் 24 இருக்கிறது. உங்கள் பட்டியலில் பொம்பளைப் பிள்ளைகள் ஒருவர் பேரும் இல்லையே, ஏன்?

15 ஜூலை

கோர்ட்டைச் சொன்னதும் தம்பி பாய்ந்து வந்துவிட்டார்: "அந்த 24-ல் 11 ஆஸ்திரேலியாவில் எடுத்தது. அப்போது அங்கே வெளிநாட்டு ஆட்கள் அதிகம் போகவில்லை."

சரி. ஆக, எண்ணினால் மட்டும் போதாது, எப்போது, எங்கே, யார் எதிரே என்று பார்க்க வேண்டும் என்று அவரே ஒத்துக்கொண்டார். கார் சாகுபடியில் கண்ட நெல் மூட்டையையும் பிசானப் போகத்தில் கண்ட மூட்டையையும் ஒரே வரியில் எழுதி எந்த வயல் நல்ல வயல் என்று நம்மூரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

15 ஜூலை, சாயங்காலம்

வள்ளியூர்க்காரர் ஒருவர்: "நேருக்கு நேர் யார் யாரை அடித்தார்கள் என்று பாருங்கள். அதை விட நேர்மையான அளவு கிடையாது."

பார்ப்போம். நடால் - பெடரர் 24-16. நடால் எங்கேயோ மேலே போய்விட்டார் என்று தோன்றும். பிரித்துப் பாருங்கள். களிமண் தரையில் நடால் 14-2. மண்ணை விட்டு வெளியே வந்தால் பெடரர் 14, நடால் 10. பெடரர் மண்ணிலும் ஃபைனல் வரை வந்து நடாலிடம் மாட்டிக்கொண்டே இருந்தார். ஹார்டு கோர்ட்டில், அதாவது கெட்டித் தரையில், பெடரர் உச்சத்தில் இருந்த வருடங்களில் நடால் பாதி வழியிலேயே வேறு யாரிடமோ தோற்று வெளியே போய்விடுவார், அதனால் பெடரரிடம் அடி வாங்கும் வாய்ப்பு அதிகம் வரவில்லை. தனக்கு ஆகாத தரையிலும் கடைசி நாள் வரை நின்றவனுக்கு அபராதம், சீக்கிரம் வீட்டுக்குப் போனவனுக்குச் சலுகை. இதுவா நேர்மை?

ஜோகோவிச் - நடாலும் அப்படித்தான். 31-29 என்று தலைப்பில் நிற்கும். உள்ளே போனால் மண்ணில் நடால் 20-9, ஹார்டு கோர்ட்டில் ஜோகோவிச் 20-7, புல்லில் 2-2. எந்தத் தரையில் அதிகம் சந்தித்தார்கள் என்பதைத்தான் அந்த மொத்தம் சொல்கிறது.

16 ஜூலை

"அப்போ அண்ணாச்சியின் அளவுகோல்தான் என்ன, அதைச் சொல்லும் வே" என்று இரண்டு பேர். வருகிறேன். மின்சாரம் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை.

17 ஜூலை

பாளையங்கோட்டையில் நாங்கள் ஆடிய கோர்ட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். மண் கோர்ட். செம்மண்ணைச் சலித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். எங்கே பார்த்தாலும் டென்னிஸ் கோர்ட்டை வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள், வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது என்று. இடம் அகலம் போதாமல் இதைக் கிழக்கு மேற்காகப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு கிழக்குக் கோடியில் நின்று சர்வ் போட வேண்டியவன் செத்தான். பந்தை மேலே போட்டு அண்ணாந்தால் சூரியன்தான் தெரியும், பந்து தெரியாது.

அங்கே ஒரு மார்க்கர் இருந்தார். கோடு போடுவது, நெட் கட்டுவது, பெரிய மனிதர்களுக்கு ஜோடி குறைந்தால் ஆடுவது, பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்தான். எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை, காக்கி அரைக்கால் சட்டை, மர ராக்கெட். கிராபைட் வந்து எல்லாரும் மாறிய பிறகும் அவர் அதை விடவில்லை. ஆடி முடித்ததும் நான்கு மூலையிலும் திருகு வைத்த மரச் சட்டத்துக்குள் அதைப் பூட்டித்தான் வைப்பார், வளைந்துவிடும் என்று.

புதிதாக யாராவது வந்து 'நான் காலேஜ் சாம்பியன்' என்று சொன்னால் மார்க்கர் ஒன்றும் பேச மாட்டார். டாஸ் போட்டு, ஜெயித்தாலும் தோற்றாலும், அந்த ஆள் வெயில் கோடியில் நின்று சர்வ் போடும் நேரம் வரட்டும் என்று காத்திருப்பார். அதிலும் 30-40-ல், இன்னும் ஒரு பாயின்ட் விட்டால் அந்த கேமே போய்விடும் என்கிற நிலையில், முதல் சர்வ் நெட்டில் போன பிறகு. அந்த செகண்ட் சர்வை எப்படிப் போடுகிறான் என்று பார்த்துவிட்டு, "ஆளு தேறும்" அல்லது "வெறும் சவடால்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நெட்டைத் தளர்த்தப் போய்விடுவார். நல்ல கோடியில் நின்று அடித்த அடியெல்லாம் அவர் கணக்கில் கிடையாது.

என் அளவுகோல் அங்கேயிருந்து வந்தது. ஒருவனுக்கு நன்றாக வருகிற தரையில் எத்தனை ஜெயித்தான் என்பதை ஒதுக்கி வையுங்கள். அவனுக்கு ஆகாத தரை எது? அங்கே எத்தனை?

17 ஜூலை, ராத்திரி

கணக்கைப் போட்டே விடுகிறேன். நான்கு கிராண்ட்ஸ்லாமில் (பாரிஸ் மண், விம்பிள்டன் புல், மற்ற இரண்டும் இப்போது ஹார்டு கோர்ட்) ஒவ்வொருவருக்கும் மிகக் குறைவாக வந்த இடம்:

பெடரருக்குப் பாரிஸ், 1. அதுவும் 2009, சோடர்லிங் நடாலை வெளியே அனுப்பிய வருடம். நடாலுக்கு ஆஸ்திரேலியா 2, விம்பிள்டன் 2. ஜோகோவிச்சுக்குப் பாரிஸ், 3. லேவருக்கு பாரிஸ் 2, யு.எஸ். 2. அகாசிக்குப் பாரிஸ் 1, விம்பிள்டன் 1. சாம்ப்ராஸுக்குப் பாரிஸில் முட்டை, ஃபைனல்கூடக் கிடையாது. போர்க் யு.எஸ். ஃபைனலில் நான்கு தடவை தோற்றார், அங்கேயும் முட்டை.

நவ்ரத்திலோவாவுக்குப் பாரிஸ் 2. கிறிஸ் எவர்ட்டுக்கு ஆஸ்திரேலியா 2. மார்கரெட் கோர்ட்டுக்கு விம்பிள்டன் 3. செரீனாவுக்குப் பாரிஸ் 3.

ஸ்டெஃபி கிராஃப்: ஆஸ்திரேலியா 4, பாரிஸ் 6, விம்பிள்டன் 7, யு.எஸ். 5. மிகக் குறைந்ததே 4. ஆணிலும் பெண்ணிலும் வேறு யாருக்கும் இது இல்லை. 1988-ல் நான்கு கிராண்ட்ஸ்லாமோடு ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே வருடத்தில் எடுத்தார். ஒற்றையரில் அதைச் செய்தவரும் வேறு யாரும் கிடையாது.

ஆகவே என் ஓட்டு கிராஃபுக்கு. ஜோகோவிச்சை நான் மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். ஆண்களில் என் கணக்கிலும் அவர்தான் முதல்.

18 ஜூலை

அகாசி 1, சாம்ப்ராஸ் 0 என்றால் அகாசி பெரியவரா என்று கடையநல்லூரிலிருந்து கேள்வி. கூடவே, "அகாசியும் கிராஃபும் புருஷன் பெண்டாட்டி. அண்ணாச்சி அளவுகோலை அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் மாட்டி வைத்திருப்பார்கள் போல." நன்றாக இருக்கிறது.

சாம்ப்ராஸ் அகாசியை விடச் சின்னவர் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. 286 வாரம் முதலிடத்தில் இருந்தவர். முட்டைக்கும் ஒன்றுக்கும் நடுவே இந்த அளவுகோல் ரொம்பக் கறாராக இருக்கிறது, ஒரே ஒரு நல்ல இரண்டு வாரம் போதும் முட்டை ஒன்றாகிவிடும். இரண்டு, மூன்று, நான்கு என்று போகும்போதுதான் அதற்கு மதிப்பு வருகிறது. இரண்டாவது தடவை அதிர்ஷ்டத்தில் வராது.

20 ஜூலை

தூத்துக்குடி அண்ணாச்சி என்னை விட மூத்தவர், ரேடியோவில் விம்பிள்டன் கேட்டவர். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "லேவர் காலத்தில் நான்கில் மூன்று புல்தரை. யு.எஸ். 1974 வரை புல். ஆஸ்திரேலியா 1987 வரை புல். ஆகாத தரை என்று நீர் சொல்வது பாரிஸ் ஒன்றுதான். நாலு ஊரை வைத்து நாலு தரை என்று கணக்குப் போடுகிறீரே?"

சரிதான். அதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது அண்ணாச்சி. இப்போது தரைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்துவிட்டன. 2001-ல் விம்பிள்டன் புல்லை முழுக்க 'ரை' என்ற ஒரே வகைப் புல்லாக மாற்றினார்கள். தரை கெட்டியானது, பந்து எழும்பி வர ஆரம்பித்தது. அடுத்த வருடமே ஃபைனலில் ஹியூயிட்டும் நால்பாண்டியனும் பின்கோட்டிலேயே நின்று ஆடினார்கள். சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடுகிற ஆட்டம் அதோடு மங்கியது. பணத்துக்கு ஆடுகிறவர்களுக்கும் கதவு திறந்த 1968-க்குப் பிறகான ஓபன் காலத்தில் 2000 முடியும்வரை நான்கையும் ஜெயித்த ஆண்கள் லேவர், அகாசி இரண்டே பேர். பிற்பாடு பெடரர் 2009, நடால் 2010, ஜோகோவிச் 2016 என்று வரிசையாக வந்துவிட்டார்கள். அவர்கள் பெரிய ஆட்கள் என்பதில் பேச்சே இல்லை, ஆனால் தரையும் கொஞ்சம் ஒத்துழைத்தது.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. தொடக்கச் சுற்றுகளில் ஒருவரோடு ஒருவர் மோதாதபடி தரவரிசை கொடுத்துப் பிரித்து நிறுத்தும் ஆட்கள் (சீடு) 2001-லிருந்து 16-க்குப் பதில் 32 ஆனார்கள். முதல் இரண்டு சுற்றில் ஒரு முரட்டு ஆளிடம் மாட்டி வெளியேறுகிற ஆபத்து பெரிய ஆட்களுக்குக் குறைந்தது. சாம்ப்ராஸுக்கு அந்தக் குடை ஆடி முடிக்கும் தறுவாயில்தான் கிடைத்தது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் கிராஃபின் 4 இன்னும் கனமாகிறது. 1990-களின் விம்பிள்டன் பழைய வழுக்குப் புல். இரண்டு வாரம் முன்னால்தான் பாரிஸ் மண்ணில் வழுக்கி ஆடியவர் அங்கே போய் பந்தைச் சீவி விடுகிற அந்த ஒரு கை ஸ்லைஸ் பேக்ஹேண்டைத் தரையோடு தரையாக விடுவார். பந்து எழும்பவே எழும்பாது.

22 ஜூலை

செலஸ் வரும் என்று தெரியும். ஐந்தாறு பேர் எழுதிவிட்டார்கள். தவிர்க்க முடியாத கேள்வி.

1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க். மோனிகா செலஸ் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கிராஃபின் வெறியன் ஒருவன் முதுகில் கத்தியால் குத்தினான். அதற்கு முந்தி, 1991 ஜனவரி தொடங்கி செலஸ் ஆடிய 8 கிராண்ட்ஸ்லாமில் 7 அவருக்கு. தோற்ற ஒன்று 1992 விம்பிள்டன் ஃபைனல், கிராஃபிடம், 6-2, 6-1. 19 வயதில் 8 பட்டம் வைத்திருந்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஆடவே இல்லை. திரும்பி வந்து ஒன்றுதான் எடுத்தார்.

கிராஃபின் 22-ஐப் பிரித்தால் குத்துக்கு முன் 11, பின் 11. செலஸ் இல்லாத காலத்தில் வந்தது 6. திரும்பி வந்த செலஸை 1995, 1996 யு.எஸ். ஃபைனல் இரண்டிலும் கிராஃப் தோற்கடித்தார். 1999 பாரிஸில் அரையிறுதியில் செலஸையும் ஃபைனலில் ஹிங்கிஸையும் ஜெயித்துத்தான் கடைசிப் பட்டத்தை வாங்கினார். ஆனால் திரும்பி வந்தவர் பழைய செலஸ் இல்லை என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

அந்த 6-ஐயும் முழுக்கக் கழித்தால் மிஞ்சுவது: ஆஸ்திரேலியா 3, பாரிஸ் 4, விம்பிள்டன் 5, யு.எஸ். 4. மிகக் குறைந்தது 3. ஜோகோவிச், செரீனா, கோர்ட்டோடு சமம். அவ்வளவு கழித்தும் அவர்களுக்குக் கீழே இறங்கவில்லை. ஆனாலும் இதைக் கழித்துக் கூட்டி எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. செலஸிடமிருந்து போனதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?

23 ஜூலை

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று இங்கே வந்து கேட்கிறவர்களுக்கு: விழுகிறது. இப்போது டென்னிஸ்.

27 ஜூலை

"நம்ம ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லையே" என்ற குறை நியாயமானது. ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. தோற்றது முறையே நீல் ஃபிரேசரிடமும் லேவரிடமும். இரண்டு வருடமும் அவர்கள்தான் கோப்பையை எடுத்தார்கள். 1966-ல் கல்கத்தாவில் பிரேசிலோடு 2-2 என்று நின்றபோது கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச்சை ஜெயித்து இந்தியாவை நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பை ஃபைனலுக்குக் கொண்டுபோனார்.

இங்கே சொல்ல வந்தது வேறு. 1950-களின் கடைசியில் பணத்துக்கு ஆடும் குழுவை நடத்திய ஜாக் கிராமர் பெரிய தொகை பேசி அவரைத் தன் குழுவுக்குக் கூப்பிட்டார். கிருஷ்ணன் போகவில்லை. போயிருந்தால் விம்பிள்டனும் கிடையாது, டேவிஸ் கோப்பையும் கிடையாது. கையில் காசும், புத்தகத்தில் வெறும் இடமும் இருந்திருக்கும். அமெரிக்க ஆட்டக்காரர் பாஞ்சோ கன்சாலஸ் கதை அதுதான். இருபதுகளின் தொடக்கத்திலேயே பணத்துக்கு ஆடப் போய், அந்தக் குழுவில் வருடக்கணக்காக எல்லாரையும் அடித்தவர். எண்ணினால் கிராண்ட்ஸ்லாம் 2. தம்பியின் பட்டியலில் அவர் பேர் எந்தப் பக்கத்தில் வரும்?

மகன் ரமேஷ் 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போதைய முதலிடம் விலாண்டரை ஜெயித்தார். அவருடைய சர்வைப் பார்த்தால் மார்க்கர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார், அவ்வளவு மெது. ஆனால் ரிட்டர்ன்!

2 ஆகஸ்ட்

நடால் ரசிகர் சங்கம் என் மேல் கோபமாக இருக்கிறது. எனக்கும் நடாலைப் பிடிக்கும். 2008 ஜனவரியில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூரில் இறங்கி, நுங்கம்பாக்கத்தில் போய் சென்னை ஓபனில் அவர் ஆடியதைப் பார்த்தவன் நான். அரையிறுதியில் மோயாவோடு கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், மூன்று செட்டும் 6-6 ஆகி டைபிரேக். சென்னைப் புழுக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே சட்டை ஒட்டிக்கொண்டது. நாற்காலிக்கு முன்னால் இரண்டு பாட்டிலை வைத்து, லேபிள் ஒரே பக்கம் பார்க்கும்படி விரலால் திருப்பித் திருப்பிச் சரிசெய்வாரே, டிவியில் பார்ப்பது, அதை நேரில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கூட்டமே கிடையாது.

மறுநாள் ஃபைனலில் யூஸ்னியிடம் 0-6, 1-6. கால் நகரவில்லை. பக்கத்தில் இருந்தவர் காசு போச்சு என்று எழுந்து போய்விட்டார். நடால் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை, கடைசிப் பந்து வரை ஆடினார். மார்க்கர் பார்த்திருந்தால் "ஆளு தேறும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

பாரிஸில் 112 ஜெயித்து 4 தோற்றதை நான் குறைத்துப் பேசவில்லை. எந்த விளையாட்டிலும் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. ஆனால் அது நல்ல கோடி. அவரைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரிவது 2008 விம்பிள்டனும், 2022 ஆஸ்திரேலியாவில் மெத்வதேவிடம் இரண்டு செட் பின்னால் இருந்து எழுந்ததும்தான்.

9 ஆகஸ்ட்

பெடரர் பக்கத்தவர் ஒருவர், "அழகு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு மார்க் கிடையாதா?" என்கிறார்.

இருக்கிறது, ஆனால் எத்தனை மார்க் என்று யார் போடுவது? நானும் அந்த பேக்ஹேண்டுக்காக ராத்திரி கண் விழித்தவன்தான். 2024-ல் டார்ட்மத் பட்டமளிப்பு விழாவில் பெடரரே சொன்ன கணக்கு ஒன்று: ஆடிய 1526 ஆட்டத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தவர், பாயின்ட்டுகளில் ஜெயித்தது 54 சதவீதம்தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே. மீதியெல்லாம் எந்தப் பாயின்ட் என்பதில் இருக்கிறது. 2019 விம்பிள்டன் ஃபைனலில் பெடரர் 218 பாயின்ட், ஜோகோவிச் 204. கடைசி செட்டில் 8-7, 40-15, பெடரர் சர்வ், இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட், ஒன்றை எடுத்தாலே கோப்பை. கோப்பை ஜோகோவிச் வீட்டுக்குப் போனது.

பெடரர் ரசிகர்களுக்கு அந்த 40-15-ஐ ஞாபகப்படுத்துவது பாவம்தான். என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

6 செப்டம்பர்

நள்ளிரவு தாண்டி யு.எஸ். அரையிறுதி பார்த்தேன். அல்கராஸ் ஜோகோவிச்சை ஜெயித்தார், 6-4, 7-6, 6-2. ஜோகோவிச்சுக்கு 38 வயது. இந்த வருடம் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் அரையிறுதி, நான்கிலும் தோல்வி. "பார்த்தீர்களா, முடிந்தது" என்று தம்பியே எழுதுகிறார், ஜூலையில் 24 என்று மார் தட்டியவர்.

எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. பாரிஸில் நடாலிடம் எட்டுத் தடவை அடி வாங்கியவர் இவர். அங்கே 2012, 2014, 2015 ஃபைனலில் தோற்று, 2016-ல் எடுத்து, 2021 அரையிறுதியில் நடாலையே அந்த மண்ணில் கவிழ்த்து, ஃபைனலில் சிட்சிபாஸிடம் இரண்டு செட் பின்னால் இருந்து வந்தார். 2023-ல் மூன்றாவது. 2024 ஒலிம்பிக் தங்கமும் அதே கோர்ட்டில்தான், 37 வயதில், அல்கராஸை இரண்டு டைபிரேக்கில் ஜெயித்து. ஆகாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நின்றவர் என்று பார்த்தால், ஒலிம்பிக்கையும் சேர்த்தால், அவருடைய 3 கிராஃபின் 4-க்கு அருகில் வந்து நிற்கிறது. செலஸையும் மனதில் வைத்தால் இன்னும் அருகில். கிராஃப் ஒரு முடி முன்னால் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், ஜூலையில் சொன்ன அளவுக்கு அடித்துச் சொல்ல மாட்டேன்.

8 செப்டம்பர்

ஃபைனலில் அல்கராஸ் நான்கு செட்டில் சின்னரை முடித்துவிட்டார். அவருக்கு 6, சின்னருக்கு 4. இனி இவர்களைப் பற்றித்தான் பேச்சு என்று வள்ளியூர்க்காரர் புதிதாகத் தொடங்கிவிட்டார்.

என் கணக்கில் இரண்டு பேருமே இன்றைக்கு முட்டை. அல்கராஸ் ஆஸ்திரேலியாவில் இந்த 2025 வரை கால் இறுதியைத் தாண்டியதில்லை. சின்னருக்குப் பாரிஸ் பாக்கி, ஜூன் மாதம் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விட்டது. அடுத்தது 2026 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன். நம்ம நேரத்துக்குக் காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுவார்கள், வாசலில் கோலம் போடுகிற நேரம், வீட்டில் டிவி சத்தத்துக்கு யாரும் திட்ட மாட்டார்கள். தம்பி, அதற்குள் அந்த கன்சாலஸ் கேள்விக்குப் பதில் எழுதும்.